ரேணிகுண்டா கான்டெசா: உள்ளது உள்ளபடி

விற்பனைக்கு வந்திருப்பது ஒரு கான்டெசா கிளாசிக், 1.8 லிட்டர் பெட்ரோல், 1993 மாடல். ரேணிகுண்டா ஜங்ஷனிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு வீட்டின் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது. ஓடாது. பேட்டரி இல்லை. நான்கு டயரும் காற்று இறங்கித் தரையோடு படிந்துவிட்டன. சொந்தக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சித்தூர் பக்கத்துத் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறார். "எதையும் மாத்தல தம்பி, மறைக்கவும் இல்ல. இருக்கற மாதிரியே பாத்துக்கோங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பழைய கார் விற்கிறவர்களிடம் நான் கேட்ட பேச்சுகளில் இதைவிட நாணயமான பேச்சு குறைவு.

ஓட்டிப் பார்க்க முடியாத வண்டிக்கு என்ன விமர்சனம் என்று கேட்கலாம். புதுப்பிக்க வாங்கும் காரில் ஓட்டம் கடைசிக் கவலை. இன்ஜினைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்ய ஊருக்கு நாலு மெக்கானிக் உண்டு. மட்கிப்போன தகடும், தொலைந்துபோன தாளும்தான் ஆளைக் கவிழ்ப்பவை. அதனால் நான் பார்த்ததும் அதே வரிசையில்தான்.

வண்டியைப் பற்றி முதலில் கொஞ்சம். பிரிட்டனில் வாக்ஸால் நிறுவனம் 1970-களில் தயாரித்த விக்டர் காரின் அச்சுகளை வாங்கி, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கான்டெசாவைக் கொண்டுவந்தது. நீண்ட மூக்கு, இடுப்பில் வளைந்து பின்சக்கரத்தின் மேல் புடைக்கும் உடல்வாகு, பின்சக்கர இழுப்பு. அமெரிக்காவில் 1964-ல் போன்டியாக் ஜிடிஓ தொடங்கிவைத்த மசில் கார் பரம்பரையின் சாயல் முகத்தில் அப்படியே இருக்கிறது. பானெட்டைத் திறந்தால்தான் கதை வேறு. ஜிடிஓவில் 6.4 லிட்டர் வி8. கான்டெசாவில் முதலில் வைத்ததோ அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறன். முகம் பயில்வான், மூச்சு வாத்தியார். 1980-களின் பிற்பகுதியில் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியரும் வந்த பிறகுதான் அந்த உடம்புக்கு ஓரளவு ஏற்ற இழுப்பு கிடைத்தது. டீசல் கான்டெசாக்களும் நிறைய ஓடின. ஆனால் இன்று சேகரிப்பவர்கள் தேடுவது இசுசு பெட்ரோல் வண்டியைத்தான், ரேணிகுண்டாவில் நிற்பதும் அதுதான்.

2002-ல் தயாரிப்பு நின்றது. சென்னையிலிருந்து ரேணிகுண்டா போகும் வழியில் திருவள்ளூரைத் தாண்டுகிறோமே, அங்கேதான் அதே நிறுவனம் 1998 முதல் மிட்சுபிஷி லேன்சரைத் தயாரித்தது. லேன்சர் பக்கத்தில் நின்றால் கான்டெசா எத்தனை நாள் தாங்கும்?

இனி தகடு. துணியில் சுற்றிய ஒரு காந்தம், டார்ச், கொஞ்சம் டீசலில் நனைத்த கந்தல், ஒரு ஜாக்கி, கூடவே எங்கள் மெக்கானிக் பாய். முன் ஃபெண்டர் இரண்டிலும் காந்தம் நன்றாகப் பிடித்தது. கதவுகளின் கீழ் விளிம்பிலும் பிடித்தது. இடது பின்சக்கர வளைவின் மேல் வைத்ததும் நழுவிக் கீழே விழுந்தது. அந்த இடத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி. வரும் வழியில் புத்தூரைக் கடந்துதான் வந்தோம். கை கால் முறிந்தால் ஆந்திராவும் தமிழ்நாடும் ஓடிப்போய்க் கட்டுப் போட்டுக்கொள்ளும் ஊர். அந்தக் கட்டுக்குள் எலும்பு கூடும். பட்டிக்குள் தகடு கூடாது, துரு உள்ளுக்குள் தின்றுகொண்டே இருக்கும். பாய் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "உள்பக்கம் ஓட்டை இல்ல சார், வெளித்தகடு மட்டும்தான்" என்றார். வெட்டி எடுத்து வேறு தகடு வைத்துப் பற்றவைக்கும் வேலை.

டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் துரு உண்டு, ஆனால் விரலால் அழுத்தினால் உள்ளே போகவில்லை. பேட்டரித் தட்டு முழுக்க அரித்துவிட்டது. அது சின்ன வேலை. தரைத்தகடு கெட்டி. பிறகு முக்கியமான சோதனை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை ஜாக்கியில் தூக்கினோம். கான்டெசாவுக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடம்பேதான் சட்டம். உடம்பு மட்கியிருந்தால் தூக்கும்போது வளையும், கதவு திரும்பச் சரியாக மூடாது. இங்கே மூடியது, அதுவும் அந்தக் காலத்துக் கனத்த சத்தத்தோடு. கடலோரச் சென்னையில் இத்தனை வருஷம் நின்றிருந்தால் இந்தச் சத்தம் கேட்டிருக்காது. ரேணிகுண்டாவின் வறண்ட வெயில் பெயின்டைத் தின்றது, தகட்டை விட்டுவைத்தது.

இந்தப் பக்கத்து வண்டி என்றால் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: 2021 நவம்பர் வெள்ளத்தில் எங்கே நின்றது? திருப்பதி மூழ்கிய, சுவர்ணமுகி கரைபுரண்ட வெள்ளம் அது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது, கொட்டகை மேட்டில் இருந்ததால் தப்பியது என்றார் பெரியவர். வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தோம். வண்டல் படிந்த கோடு எங்கும் இல்லை. தூசியும், இரண்டு ஐம்பது பைசா நாணயங்களும், எலி கடித்த பஞ்சும்தான் கிடைத்தன. எலி சீட்டோடு நிற்கவில்லை, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயரிங்கிலும் பல் வைத்திருக்கிறது. ஹார்னஸ் முழுவதையும் புதிதாகக் கட்ட வேண்டும்.

இன்ஜின் விஷயத்தில் பாய் அவசரப்படவில்லை. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு, டீ குடித்துவிட்டு வந்து, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினார். அசைந்தது. ஜாம் ஆகவில்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பு, பால் போல வெளுக்கவில்லை, அதனால் தண்ணீர் கலக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். டேங்கில் பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கிறது. அதைக் கழற்றிக் கழுவாமல் ஸ்டார்ட் செய்ய யாரும் முயல வேண்டாம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் வாஷர், பம்பு டயாஃப்ரம் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுவது நல்லது.

இசுசு இன்ஜினுக்குச் சாமான் கிடைக்குமா? அம்பாசடரிலும் 1990-களில் இதே 1.8 இன்ஜினை வைத்தார்கள், அம்பாசடர் 2014 வரை வந்தது. அதனால் சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தால் இன்ஜின் வேலைக்கு வேண்டியதைச் சேர்த்துவிடலாம். கண்ணாடி, பீடிங் ரப்பர், பின்விளக்கு, குரோம் பட்டை, எழுத்துப் பட்டயம் இவைதான் அகப்படாதவை. இந்த வண்டியில் ஒரு பக்கப் பின்விளக்கில் கீறல் மட்டும், மற்ற எல்லாம் ஒட்டியபடியே இருக்கின்றன. இதன் மதிப்பில் பாதி அந்தச் சில்லறைச் சாமான்களில்தான் இருக்கிறது என்பேன். ஊர்ப் பையன்கள் எதையும் கழற்றிக்கொண்டு போகாமல் காத்த அந்தக் கொட்டகைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இனி தாள். இங்கேதான் எனக்கு முகம் சுருங்கியது. நம்பர் ஏபி 03, பழைய சித்தூர் மாவட்டத்துப் பதிவு. (2022 ஏப்ரல் முதல் ரேணிகுண்டா திருப்பதி மாவட்டம்.) சேசிஸ் நம்பரைக் கந்தலால் துடைத்து, பென்சில் பிரின்ட் எடுத்து, ஆர்சியோடு ஒப்பிட்டோம். பொருந்தியது. இன்ஜின் நம்பரும் பொருந்தியது. பெட்ரோல் வண்டிக்கு டீசல் இன்ஜினை மாற்றிவிட்டு ஆர்சியில் பதியாமல் விடும் பழக்கம் ஒரு காலத்தில் சர்வசாதாரணம், எனவே இது பெரிய ஆறுதல். ஆனால் ஆர்சி இருப்பது பெரியவரின் காலமான அண்ணன் பெயரில். பதினைந்து ஆண்டு முடிந்து ஒரு முறை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்ததோடு சரி. 2013-க்குப் பிறகு யாரும் ஆர்டிஓ படி ஏறவில்லை.

இதற்கு வழி உண்டு, வரிசைதான் முக்கியம். முதலில் வாரிசுச் சான்றோடு படிவம் 31 கொடுத்துப் பெரியவர் பெயருக்கு மாற்ற வேண்டும். பிறகு பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000. தாமதக் கட்டணம் தனி. வண்டியை ஆய்வாளர் முன்னால் நிறுத்தவும் வேண்டும், ஓடாத வண்டியை எப்படி நிறுத்துவது? ஆக, புதுப்பிப்பது வண்டியை ஓரளவு ஓட வைத்த பிறகுதான். வாங்குபவர் தமிழ்நாட்டுக்காரர் என்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, இங்கே வந்து மறுபதிவு, நம் மாநில வரி. இத்தனைக்கும் பொறுமை இல்லாதவர் இந்த வண்டிப் பக்கமே போக வேண்டாம்.

'பழைய கார்தானே, வின்டேஜ் பதிவு வாங்கிக்கொள்ளலாமே' என்று புரோக்கர் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். 2021-ல் வந்த விதிப்படி அது 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு மட்டும். முதல் கான்டெசாவுக்கே 2034 வரை காத்திருக்க வேண்டும். வெட்டி ஒட்டி மஸ்டாங் ஆக்கித் தருகிறேன் என்கிற கேரேஜ்களுக்கும் இதே பதில். தயாரிப்பாளர் வடிவமைத்த அடிப்படை அம்சங்களை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு மேல், ஒரிஜினல் உடம்போடு மிஞ்சியிருப்பதே சொற்பம், அதையும் வெட்டுவானேன்?

விலை. பெரியவர் கேட்பது ஒன்றரை லட்சம். இதற்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. 2016 சட்டமன்றத் தேர்தல் சொத்துப் பட்டியலில் ஜெயலலிதா தன் 1990 மாடல் கான்டெசாவுக்குக் காட்டிய மதிப்பு 5,000 ரூபாய். காயலான் கடைக்காரர் எடை போட்டு ஒரு விலை சொல்வார், பிடித்துப்போன ஆள் வேறு விலை சொல்வார். பெரியவரின் மருமகன் இடையில் வந்து, "மாமா, ஒரு கோட் பெயின்ட் அடிச்சா இன்னும் ஐம்பதாயிரம் ஏறும்" என்றார். பாய்க்குக் கோபமே வந்துவிட்டது. அவர் பக்கம்தான் நியாயம். பெயின்ட் அடித்தால் அந்தப் பின்சக்கர வளைவு மறைந்துவிடும், கூடவே கெட்டியாக இருக்கும் மற்ற தகடும் சந்தேகத்துக்கு ஆளாகும். புதுப் பளபளப்போடு நிற்கும் ஓடாத காருக்கு நான் குறைத்துத்தான் கேட்பேன். விற்பவர் செய்ய வேண்டியது வேறு: தண்ணீர் விட்டுக் கழுவி, துரு இருக்கும் இடங்களையே முதலில் படம் எடுத்துக் காட்டி, கழற்றிய சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு, ஆர்சியின் நகலையும் நிலவரத்தையும் கேட்கும் முன்பே சொல்லிவிடுவது. பெயர் மாற்றத்தை இழுத்தடிக்கவும் கூடாது. விற்ற பிறகும் ஆர்சியில் பெயர் இருப்பவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

என் மதிப்பீடு: உடம்புக்கு முழு மார்க், இன்ஜினுக்குப் பாதிக்கு மேல், ஒயரிங்குக்குப் பூஜ்யம், தாளுக்கு இப்போதைக்குப் பூஜ்யம். பெயர் மாற்றம் முடிந்த கையோடு என்றால் ஒன்றரை லட்சம் நியாயம்தான். இன்றைய நிலையில் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். அதிலும் முன்பணம் போக மீதியை ஆர்சி கைக்கு வந்த பிறகு தருவதாக எழுதி வாங்குங்கள். வாங்கிய விலையைப்போல மூன்று பங்காவது டிங்கரிங்குக்கும் பெயின்டுக்கும் ஒதுக்கி வையுங்கள். ஆசைப்படுபவர் முதலில் திருப்பதி ஆர்டிஓ அலுவலகத்தில் வாரிசு மாற்றத்துக்கு என்னென்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, அதற்குப் பிறகு ரேணிகுண்டாவுக்கு வண்டி ஏறுங்கள்.