மிட்டாயை வைத்து எழுதிய ஜாதகம்

ஒரு சின்ன அறை. மேசை, நாற்காலி, ஒரு தட்டு. தட்டில் பஞ்சு போன்ற மார்ஷ்மெல்லோ மிட்டாய், அருகில் ஒரு மேசை மணி. நாலு வயதுக் குழந்தையிடம் ஆய்வாளர் சொல்கிறார்: “நான் கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன். நானாகத் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் உனக்கு இரண்டு. இருக்க முடியவில்லை என்றால் மணியை அடி, உடனே வந்துவிடுவேன். ஆனால் அப்போது ஒன்றுதான்.” கதவு சாத்தப்படுகிறது. ஒரு குழந்தை கண்ணைப் பொத்திக்கொள்கிறது. இன்னொன்று தனக்குத்தானே பாடுகிறது. வேறொன்று மேசைமேல் தலை சாய்த்துத் தூங்கப் பார்க்கிறது. சில குழந்தைகளின் கை உடனே மணிக்குப் போய்விடுகிறது.

1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த பிங் மழலையர் பள்ளியில் உளவியலாளர் வால்டர் மிஷெல் தொடங்கிய ஆய்வு இது. இன்று உலகெங்கும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களின் கையிருப்பில் இருக்கும் கதையும் இதுதான். காத்திருந்த குழந்தைகள் வாழ்வில் ஜெயித்தார்கள், மணியை அடித்தவர்கள் பின்தங்கினார்கள் என்று அந்தக் கதை முடியும். ஒரு பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தபோது ஒரு தாய் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: “எங்க பையன் ரெண்டு நிமிஷம்கூட ஒரு இடத்துல உக்கார மாட்டான் சார். அவன் தேறவே மாட்டானா?” அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

இந்தச் சோதனை நம்மிடம் எளிதில் எடுபடுவதில் வியப்பில்லை. ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்றும் ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்றும் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஏற்கெனவே நம்பியதை ஆய்வுக்கூடமும் சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. ஆனால் மறுகேள்வி கேட்டுப் பார்த்தால், இந்தச் சோதனையின் உண்மையான பெருமையும் புரியும், அதன்மேல் நாம் ஏற்றிவைத்த பாரமும் புரியும்.

முதலில் பெருமை. ‘உனக்குப் பொறுமை உண்டா?’ என்று கேள்வித்தாள் கொடுத்தால் எல்லோரும் உண்டு என்றுதான் எழுதுவோம். இங்கே கேள்வித்தாள் இல்லை. ஆசை கண்முன் இருக்கிறது, குழந்தை என்ன செய்கிறது என்பதை நேரில் பார்க்கலாம். அதைவிட முக்கியம், மிஷெல் முதலில் தேடியது எந்தக் குழந்தை கெட்டி என்பதை அல்ல. காத்திருக்க எது உதவுகிறது என்பதைத்தான் அவர் தேடினார். 1970இல் எபெசன் என்பவருடன் சேர்ந்து 32 குழந்தைகளைக் கொண்டு அவர் வெளியிட்ட ஆய்வில், தின்பண்டங்கள் கண்முன் இருந்தபோது குழந்தைகள் சராசரியாக ஒரு நிமிடம்தான் தாக்குப்பிடித்தார்கள். அவற்றை மறைத்து வைத்தபோது 11 நிமிடங்களுக்கு மேல் காத்திருந்தார்கள். அடுத்தடுத்த ஆய்வுகளில் வேறு ஏதாவது இனிமையானதை நினைத்துக்கொள்ளும்படியும், மிட்டாயை மேகமாகக் கற்பனை செய்யும்படியும் சொல்லிக் கொடுத்தார்கள். காத்திருக்கும் நேரம் கூடியது.

இது பெரிய கண்டுபிடிப்பு. மன உறுதி என்பது கருவிலேயே வாங்கிவந்த வரம் அல்ல, கற்றுக்கொள்ளக்கூடிய கைப்பழக்கம் என்பதே இதன் பொருள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் செல்போனை அடுத்த அறையில் வைக்கும் அம்மாவும், சர்க்கரை நோய் வந்த பிறகு வீட்டில் இனிப்பே வாங்காத அப்பாவும் இதைத்தான் செய்கிறார்கள்.

சிக்கல் பிறகு வந்தது. அந்தக் குழந்தைகள் வளர்ந்த பின் தொடர்ந்து விசாரித்து, 1990இல் மிஷெலும் சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதிக நேரம் காத்திருந்தவர்கள் கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றிருந்தார்கள். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய ‘எமோஷனல் இன்டெலிஜென்ஸ்’ நூல் இதை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. ஆனால் பலரும் மேற்கோள் காட்டும் அந்த மதிப்பெண் தொடர்பு வெறும் 35 பிள்ளைகளிடம் கண்டது. அவர்களில் பெரும்பாலோர் ஸ்டான்ஃபோர்டைச் சுற்றி வாழ்ந்த படித்த குடும்பங்களின் பிள்ளைகள். எச்சரிக்கையோடு படிக்கச் சொல்லி ஆய்வாளர்களே அந்தக் கட்டுரையில் எழுதியிருந்தார்கள். எச்சரிக்கை ஏட்டிலேயே தங்கிவிட்டது, ஜோசியம் மட்டும் ஊர் சுற்றியது.

2018இல் டைலர் வாட்ஸும் இரு சகாக்களும் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை வைத்து இதைச் சரிபார்த்தார்கள். அவர்களில் கணிசமானவர்கள் கல்லூரிப் படிப்பு முடிக்காத தாய்மார்களின் பிள்ளைகள். நாலரை வயதில் காத்திருந்ததற்கும் 15 வயதில் பெற்ற மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் அது முன்பு சொன்னதில் பாதிதான். குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், குழந்தையின் ஆரம்ப அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது. 2020இல் வந்த இன்னோர் ஆய்வு பிங் பள்ளியின் பழைய பிள்ளைகள் 113 பேரை நடுவயதில் சந்தித்தது. மழலைப் பருவத்தில் காத்திருந்த நிமிடங்களை மட்டும் வைத்து அவர்களுடைய பொருளாதார நிலையைச் சொல்ல முடியவில்லை. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் மிஷெலும் ஒருவர்.

என்னை மிகவும் பாதித்தது வேறோர் ஆய்வு. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் 28 குழந்தைகளோடு செய்து 2013இல் வெளியிட்டது. மிட்டாய்க்கு முன்பே குழந்தைகளிடம் பழைய கிரேயான்களைக் கொடுத்து, “கொஞ்சம் இரு, நல்லதாகக் கொண்டுவருகிறேன்” என்று சொல்லிப் போனார்கள். ஒரு பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி வந்தது. மறு பாதிக்கு ஆய்வாளர் வெறுங்கையோடு வந்து, “மன்னித்துக்கொள், இல்லையாம்” என்றார். அதன் பிறகுதான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் காத்திருந்தது 3 நிமிடம். முழு 15 நிமிடமும் இருந்தவர்கள் முதல் பிரிவில் 14க்கு 9 பேர், இரண்டாவதில் 14க்கு ஒருவர்.

அப்படியானால் இந்தச் சோதனை யாரை அளக்கிறது? குழந்தையின் பொறுமையையா, பெரியவர்களின் நாணயத்தையா? நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில் டப்பாவில் இருக்கும் முறுக்கு சாயங்காலம்வரை மிஞ்சாது. ‘சம்பளம் வந்ததும் வாங்கித் தருகிறேன்’ என்ற சொல் மூன்று மாதமாகத் தள்ளிப்போயிருக்கும். அங்கே கிடைத்ததை உடனே சாப்பிடும் பிள்ளை பலவீனமானவன் அல்லன். தன் வீட்டுக் கணக்கைச் சரியாகப் படித்தவன். அவனை ‘சுயக்கட்டுப்பாடு இல்லாதவன்’ என்று எழுதுவது வறுமையின் பழியைக் குழந்தையின் தலையில் கட்டுவதாகும்.

வளர்க்கும் முறையும் இதில் பேசுகிறது. கேமரூன் நாட்டின் என்சோ இன உழவர் வீட்டுக் குழந்தைகள் ஜெர்மனியின் நடுத்தர வர்க்கக் குழந்தைகளைவிட மிக எளிதாகக் காத்திருந்தார்கள். ஜப்பானியக் குழந்தைகள் தின்பண்டத்துக்கு நன்றாகக் காத்திருந்தார்கள், அமெரிக்கக் குழந்தைகள் பரிசுப் பொட்டலத்தைப் பிரிக்க நன்றாகக் காத்திருந்தார்கள். எல்லோரும் சாப்பிட உட்காரும்வரை காத்திருப்பது ஓர் ஊர்ப் பழக்கம், பிறந்தநாள்வரை பொட்டலத்தைப் பிரிக்காமல் வைப்பது இன்னோர் ஊர்ப் பழக்கம். மனிதனின் நடத்தையை அவனுடைய சூழலிலிருந்து பிரித்துப் பார்க்கக் கூடாது என்று 1968லேயே நூல் எழுதி வாதிட்டவர் மிஷெல். அவர் பெயரைச் சொல்லியே குழந்தைகளுக்கு மாறாத குணமுத்திரை குத்துவது அவருக்கும் செய்யும் அநீதி.

இதனால் சுயக்கட்டுப்பாடே முக்கியமில்லை என்று ஆகிவிடாது. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972–73இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, சிறுவயதுச் சுயக்கட்டுப்பாடு பிற்கால உடல்நலத்தோடும் பணநிலையோடும் தொடர்புடையது என்று காட்டியிருக்கிறது. ஆனால் அங்கே அளவெடுத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். பெற்றோர், ஆசிரியர், பிள்ளைகள் எனப் பலர் சொன்னதைப் பல ஆண்டுகள் சேர்த்து எடுத்த கணக்கு அது. ஒரு தட்டு, ஒரு மிட்டாய், கால்மணி நேரம் என்ற கணக்கு அல்ல.

என் தீர்ப்பு இதுதான். மார்ஷ்மெல்லோ சோதனை கற்றுத்தந்த உத்தியை வைத்துக்கொள்வோம், அதன் பேரில் எழுதிய ஜாதகத்தைக் கிழித்துப்போடுவோம். ஆசையைக் கண்ணிலிருந்து மறைக்கவும், மனத்தை வேறு பக்கம் திருப்பவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். வீட்டில் மிட்டாயை வைத்துச் சோதித்து, செல்போனில் படமெடுத்து, ‘இவன் தேறுவான், இவன் தேறமாட்டான்’ என்று பிள்ளைகளைப் பிரிக்க வேண்டாம்.

அன்று அந்தத் தாய்க்குச் சரியாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இன்று சொல்வேன்: உங்கள் பையன் தேறுவான் அம்மா. ரெண்டு நிமிஷத்தை வைத்து யாருடைய வாழ்க்கையையும் எழுத முடியாது. அவனிடம் ‘இரு, வர்றேன்’ என்று சொன்னால், சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். மற்றதை அவன் கற்றுக்கொள்வான்.