மூன்று திரை, ஒரே சாலை

யூரோ டிரக் சிமுலேட்டர் 2 விளையாட்டை மூன்று மானிட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் சாலை, இருபுறமும் சன்னல், முந்திச் செல்லும் வண்டி. திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் லாரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த அகலம் தனிச் சுகம்.

அந்தச் சுகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 1920×1080 திரை ஒன்றில் சுமார் 20.7 லட்சம் பிக்சல். மூன்றும் சேர்ந்தால் 62 லட்சம், அதாவது ஒரு 4கே திரையில் முக்கால் பங்கு. 2560×1440 திரை மூன்று வைத்தாலோ 1.1 கோடி, 4கே-யையே தாண்டிவிடும். ஆகவே பணம் முதலில் கிராபிக்ஸ் கார்டுக்குத்தான். மூன்று திரைக்கும் போதுமான டிஸ்ப்ளேபோர்ட், எச்டிஎம்ஐ வாய்கள் அதில் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

மானிட்டர் மூன்றும் ஒரே மாடலாக இருப்பது நல்லது. நிறம், உயரம், ரெஃப்ரெஷ் ரேட் எல்லாம் திண்டுக்கல் பூட்டும் சாவியும்போலப் பொருந்தும். விளிம்பு மெலிதாக இருந்தால் சாலை உடையாது.

நம் சமவெளியின் சித்திரை வெயிலுக்குக் காற்றோட்டமான கேபினெட், தரமான எஸ்எம்பிஎஸ், கூடவே ஒரு யுபிஎஸ். இவற்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம். அழகான கார்டு நெடுநாள் உழைப்பது இவற்றை நம்பித்தான்.