விதி வந்தது, யார் பார்ப்பது?

வட கொல்கத்தாவின் பழைய வீடுகளில் சாய்வான மரச்சட்டங்கள் அடுக்கிய பச்சை ஜன்னல்கள் இன்னும் இருக்கின்றன; வெயிலைத் தடுத்துக் காற்றை விடும். அதன் புறநகரான நியூ டவுன் பக்கம் போனால் கண்ணாடிச் சுவர், நாள் முழுக்க ஏசி. கட்டடங்களின் மின்செலவைக் குறைக்க வெளிநாடுகளோடு சேர்ந்து நாம் எழுதிய விதிகள் முதலில் நினைத்துப் பார்த்தது இந்த இரண்டாவது வகையைத்தான்.

எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு 2007-இல் வந்தது, அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டின் துணையோடு. அதன் எலும்புக்கூடு பெரிதும் ஆஷ்ரே 90.1 என்ற அமெரிக்கத் தரம். 2017 திருத்தத்துக்கும் அதே கை உதவியது. இரவல் என்று இளக்காரமாகச் சொல்லிவிடலாம். ஆனால் சோதனைக்கூடமும் கணக்கிடத் தெரிந்த ஆட்களும் அரிதாக இருந்த காலத்தில் வேறு வழி என்ன இருந்தது?

2011-இல் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டத்தை நான் ஒரு படி மேலாக வைப்பேன். அதில் விளைந்ததுதான் 2018-இன் குடியிருப்பு விதி, ஈகோ நிவாஸ் சம்ஹிதா. அது ஜன்னலைக் கணக்கில் எடுத்தது. கொல்கத்தா, சென்னை போன்ற புழுக்கமான ஊர்களில் வீட்டின் தரைப்பரப்பில் 16.66 சதவீதம் திறப்பு வேண்டும். வறண்ட வெப்ப ஊர்களுக்கு 10 போதும். 600 சதுர அடி வீடு என்றால் 100 சதுர அடி திறக்க வேண்டும். இரட்டைக் கதவு ஸ்லைடிங் ஜன்னல் வைத்தால் பாதிப் பரப்புதான் சேரும், ஒரு கதவு மற்றதை மறைத்துக்கொண்டு நிற்பதால். இத்தகைய ஊர்களின் புழுக்கத்தை அறிந்து எழுதிய வரி இது.

ஆனால் மாநில அரசு அறிவித்து, உள்ளாட்சியின் கட்டட விதியில் ஏறினால்தான் இவற்றுக்கு உயிர். வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் பொறியாளர் சாலை அகலமும் பக்க இடைவெளியும் பார்த்துப் பழகியவர். கண்ணாடியின் வெப்பக் கணக்கை அவர் மேசையில் வைத்தால் என்ன செய்வார்? வெளிநாட்டுப் பணம் கையேட்டுக்கும் பயிற்சிப் பட்டறைக்கும் தாராளமாக வந்தது. அந்த மேசைக்கு நிரந்தரமாக ஓர் ஆளைப் போடுவது எந்த நன்கொடை நாட்டின் வேலையும் அல்ல.

அந்த இடத்தைச் சலுகை நிரப்புகிறது. பசுமைச் சான்று பெறும் கட்டடத்துக்கு நியூ டவுனில் 10 சதவீதம் கூடுதல் தளப்பரப்பு, தமிழ்நாட்டில் எஃப்.எஸ்.ஐ. என்பார்களே, அதே கணக்கு. கட்டுநருக்கு இனிக்கும் ஏற்பாடு. ஆனால் தளம் முதலில் எழும்பிவிடும், மின்செலவு பிறகுதான் தெரியும். சிக்கனம் பொய்த்தால் மாடியை வெட்டி எடுக்க முடியுமா?

2025-இல் யு.எஸ்.எய்ட் மூடப்பட்டது. 2022 சட்டத் திருத்தத்தால் வீடுகளையும் தொடும் புதிய விதித்தொகுப்பை இனி மாநிலங்கள்தான் நடத்திச் செல்ல வேண்டும். கூடுதல் தளத்துக்கு ஒரு வைப்புத்தொகை வாங்கி, குடியேறிய பின் ஈராண்டு மின் ரசீதைப் பார்த்துத் திருப்பித் தரலாம். இதற்கு வாஷிங்டனும் வேண்டாம், பெர்னும் வேண்டாம்.