மூடியது சந்தை, பூட்டியது வழக்கு

ஸ்ரீபெரும்புதூர் என்றாலே மாணவர்களின் பேனா ராமானுஜரிடம் போய்விடும். அங்கிருந்த நோக்கியா கைப்பேசி ஆலையைப் பற்றிய கட்டுரைகூட 1017-இல் அவர் பிறந்ததைச் சொல்லிவிட்டுத்தான் 2006-க்கு வரும். அப்படியொரு கட்டுரையை மேசைமேல் வைத்துக்கொள்வோம். 2006-இல் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேருக்கு நேரடி வேலை. 2013-இல் வருமான வரித் தகராறு. 2014 நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. தகவல்களில் பிழையில்லை. ஆனால் எழுதியவர் என்ன சொல்லவருகிறார் என்பதுதான் தெரியவில்லை.

இதற்கு ஒரு மைய வாதம் எழுதித் திருத்துவதைப் பார்ப்பதே தனி ருசி.

முதலில் வருவது, 'மூடலுக்குப் பல காரணங்கள் உண்டு.' யார் மறுக்கப்போகிறார்கள்? மறுக்க ஆளில்லாத வாக்கியத்துக்கு ஆதாரமும் தேவைப்படாது. அடுத்தது, 'வரி வழக்குதான் ஆலையை மூடியது.' இதில் துணிச்சல் உண்டு. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குப் போனபோது, வரி வழக்கில் நேர்ந்த சொத்து முடக்கத்தால் இந்த ஆலை கைமாறவில்லை என்பது உண்மையே. ஆனால் ஹங்கேரியின் கோமாரோம் ஆலை கைமாறியது. அங்கே இந்த வழக்கு ஏது? அதையும் மூடப்போவதாக அதே ஆண்டு ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. ஸ்மார்ட்போன் வந்த பிறகு சாதாரணக் கைப்பேசி ஆலைகளுக்கு எங்குமே காலம் சரியில்லை.

அப்படியானால் வழக்கு என்னதான் செய்தது? இந்தக் கேள்வியில்தான் நல்ல வாக்கியம் பிறக்கிறது: 'ஆலையை மூடியது சந்தை, ஐந்தாண்டுக்கு மேல் பூட்டியே வைத்ததில் வழக்குக்குப் பெரும்பங்கு.' வழக்கு 2018-இல் சமரசமானது. மறு ஆண்டு, சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனம் இந்த ஆலையை வாங்க முன்வந்தது. முந்தைய வரைவில் வால்போல் தொங்கிய இந்தச் செய்தி, இப்போது முதன்மைச் சாட்சி ஆகிவிடுகிறது. ராமானுஜர் தாமாகவே விடைபெறுகிறார்.

பெரிய வரலாற்றாசிரியர்களிடமும் இதே விளையாட்டுத்தான். சோழர் கல்வெட்டுகளில் நீலகண்ட சாஸ்திரி வலுவான மைய அரசைக் கண்டார். அதே சான்றுகளை வைத்து, 1980-இல் வந்த நூலில் பர்ட்டன் ஸ்டைன் அந்த அரசின் பிடி தளர்வானது என்று வாதிட்டார். நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் அதே கல்வெட்டுகளின் சொற்களை எண்ணிக் கணக்கெடுக்கும் வழியில் போனார்கள்.

நோக்கியா கட்டுரையில் ஒரு பத்தி மட்டும் இடம் தேடி அலைகிறது: கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்கு வந்த இளம்பெண்களைப் பற்றியது. கடைசியில் உருக்கத்துக்காக வைத்திருந்தார் மாணவர். புதிய வாதத்தின்படி அது நடுவே வரவேண்டும். 2014 நவம்பருக்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறியிருந்தார்கள். பூட்டு திறந்தபோது அவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள்? இதற்கு விடை நூலகத்தில் கிடைக்காது. சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் நின்று நாலு பேரிடம் கேட்டாக வேண்டும்.