விலைச் சீட்டு சொல்லாதவை

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு ஒருபுறம் ஸ்ரீபெரும்புதூர், மறுபுறம் ஒரகடம். 2007-ஆம் ஆண்டில் டெல் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் கணினி தயாரிக்கத் தொடங்கியது. 2021 டிசம்பரில் எச்.பி. நிறுவனம் தன் மடிக்கணினிகள் பலவற்றை அங்குள்ள ஃபிளெக்ஸ் ஆலையில் உருவாக்குவதாக அறிவித்தது. ஆயினும், இப்பகுதியில் ஒரு குடும்பம் மடிக்கணினி வாங்கக் கடைக்குச் சென்றால், அதற்குக் கிடைக்கும் வழிகாட்டி பொருளின் முன்னே வைத்திருக்கும் விலைச் சீட்டு ஒன்றுதான். பல மாதங்கள் தவணை கட்டி வாங்கும் பொருள் இது. எனவே நூலை விமரிசிப்பதுபோல் அந்தச் சீட்டையும் விமரிசிப்பது நம் கடமையாகும்.

"ஐ-3 செயலி, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி., முழு எச்.டி. திரை." மலிவு விலை மடிக்கணினியின் சீட்டு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். படம் பார்க்கவும், பாட்டுக் கேட்கவும், எளிய விளையாட்டுகளை ஆடவும் இது போதுமா?

முதலில் செயலி. ஐ-3 என்பது ஒரு குடும்பப் பெயரே. ஐ-3 1215யு என்பதில் ஆறு உட்கருக்கள். ஐ-3 என்305 என்பதில் எட்டு. எட்டுதான் சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. முன்னதில் இரண்டு உட்கருக்கள் ஆற்றல் மிக்கவை. பின்னதில் எட்டுமே சிக்கன வகை. படம் வரையும் அலகுகளோ முன்னதில் 64, பின்னதில் 32. விளையாட்டுக்கு வேண்டிய இந்த வேறுபாட்டைச் சீட்டு மறைத்துவிடுகிறது. ஆகவே செயலியின் முழு எண்ணையும் கேட்டு அறிய வேண்டும்.

அடுத்தது ரேம். மலிவான மடிக்கணினியில் வரைகலைக்கெனத் தனி நினைவகம் கிடையாது. ரேமையே அது பங்கிட்டுக்கொள்கிறது. 3200 வகை ரேம் பலகை ஒன்று வினாடிக்கு 320 கோடி முறை, முறைக்கு 8 பைட் வீதம் தகவலை அனுப்புகிறது. அதாவது வினாடிக்கு 25.6 ஜிபி. இரு பலகைகள் இருந்தால் 51.2 ஜிபி. ஷிஃப்ட் முடியும் வேளையில் ஆலை வாசலில் ஒரு கதவைத் திறப்பதற்கும் இரண்டைத் திறப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. "இன்னொரு பலகை பொருத்த இடம் உண்டா?" என்று கேளுங்கள். என்305 போன்ற செயலிகளில் ஒரு வழி மட்டுமே உண்டு என்பதையும் நினைவிற்கொள்க.

512 ஜிபி என்று வாங்கியது வீட்டில் 476 எனக் காட்டுவதைக் கண்டு பலர் ஏமாந்ததாக வருந்துவர். இதில் மோசடி இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024-ஆல் வகுத்து எண்ணுகிறது.

திரையில் 1920 x 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். விளையாட்டை 1280 x 720 அளவில் ஓட்டினால் 9,21,600 புள்ளிகளே. வேலை பாதிக்கும் கீழே குறைகிறது. ஆனால் திரையின் தரம் சீட்டில் இல்லை. பக்கவாட்டிலிருந்தும் எழுந்து நின்றும் பாருங்கள். நிறம் மாறினால், குடும்பத்தோடு படம் பார்க்க அது உதவாது.

சீட்டில் அச்சிட்ட 4.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் சிறிது நேரம் எட்டும் உச்சம் மட்டுமே. சித்திரை வெயிலில் சூடேறினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெப்பம் வெளியேறும் துளைகள் அடிப்புறத்தில் இருந்தால் மெத்தையில் வைத்து ஆடலாகாது.

பழைய கணினி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் செயலிகளில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவை விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. படம் பார்ப்பது மட்டுமே நோக்கமாயின் லினக்ஸ் போதும்.

சீட்டை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, "பிள்ளைகள் படம் பார்ப்பார்கள், விளையாடுவார்கள்" என்ற பேச்சு எழுந்தது. அந்தக் கூச்சம் இன்றும் நம்மிடம் உள்ளது. கடைக்காரரிடம் "படிப்புக்கு மட்டும்" என்கிறோம். அவரும் அதற்கேற்றதையே எடுத்துத் தருகிறார். வீட்டில் பிள்ளை விளையாடத்தான் செய்கிறது, கணினி திணறுகிறது, ஆறு மாதத்தில் "வேறு வாங்கு" என்ற பேச்சு வருகிறது. தவணையோ முடிந்தபாடில்லை.

உழைத்துக் களைத்தவர் படம் பார்ப்பதும், பிள்ளை விளையாடுவதும் குற்றமல்ல. என்ன தேவை என்பதை முதலில் வீட்டில் வெளிப்படையாகப் பேசுங்கள். பிறகு கடையில் கேளுங்கள். சீட்டு சொல்லாததைக் கேட்டுப் பெறுவது வாங்குபவரின் உரிமை.