வெட்டாத கையின் அழகு

செவர்லே சி-10 பிக்கப்பின் அழகை அறிய வேண்டுமானால் அதன் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். 1967 முதல் 1972 வரை அமெரிக்காவில் வெளிவந்த தலைமுறை அது. முன் மட்கார்டில் தொடங்கும் ஒரு மென்மையான மடிப்பு, கதவைக் கடந்து, சரக்குத் தொட்டியின் பக்கச்சுவரில் ஏறி, பின்விளக்கு வரை ஒரே மூச்சில் ஓடுகிறது. வைக்கோல் கட்டும் சிமெண்ட் மூட்டையும் சுமக்கப் பிறந்த வண்டிக்கு இப்படியொரு கோடு தேவையே இல்லை. தேவையில்லாத இடத்தில் யாரோ ஒருவர் மனமுவந்து போட்ட கோடு என்பதாலேயே அது இத்தனை இனிமையாக இருக்கிறது.

இன்னும் சற்று அருகில் வாருங்கள். 1967-ஆம் ஆண்டு வண்டியின் பக்கச்சுவரில் ஒரு சிறு விளக்குகூடக் கிடையாது. 1968 முதல் பக்க விளக்கோ பிரதிபலிப்பானோ வேண்டுமென்று அமெரிக்கச் சட்டம் சொன்னது. அதனால் அந்த முதல் வருட வண்டிக்கு மட்டும் மாசுமருவற்ற விலாப்புறம் வாய்த்தது. 1971-இல் முன்பக்கக் கிரில் சின்னச் சின்னக் கட்டங்களாக மாறியது. ஒவ்வொரு வருடத்துக்கும் அதற்கே உரிய முகம் உண்டு. அந்த முகங்களைப் பிரித்தறியும் ரசிகர்கள் அங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இந்த வண்டிகளில் பலவற்றின் பானட்டுக்கு அடியில் இருந்தது 250 கன அங்குல, ஆறு சிலிண்டர் இன்ஜின். ஆறும் ஒரே வரிசையில் நிற்கும். அந்த அமைப்பின் இயல்பே ஒரு நயம்தான்: ஒரு பிஸ்டனின் உதறலை இன்னொரு பிஸ்டன் சமன் செய்துவிடும். கிராங்க் ஷாஃப்ட்டை ஏழு பேரிங்குகள் தாங்கி நிற்கும். உழைப்பாளி, பொய் சொல்லத் தெரியாத இன்ஜின். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே வண்டி இன்றைய நெடுஞ்சாலையில் ஏறும்போது அதற்கு மூச்சு வாங்குகிறது. உடலின் வனப்பு அப்படியே இருக்க, உயிர்த்துடிப்பு மட்டும் தளர்கிறது. இங்கேதான் இன்ஜின் மாற்றம் என்ற கலை தொடங்குகிறது.

நம் ஊர் ஒர்க்ஷாப்பில் இன்ஜினை இறக்கி ஏற்றுவது என்றால் பழுது பார்த்து அதே இன்ஜினைத் திரும்ப ஏற்றுவது. அமெரிக்க வண்டிக் காதலர்கள் செய்வது வேறு. பழையதைப் பத்திரமாக இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, அதன் இடத்தில் புதுத் தலைமுறை இன்ஜினைக் குடியேற்றுகிறார்கள். இதில் அவர்கள் அதிகம் விரும்புவது ஜெனரல் மோட்டார்ஸின் 5.3 லிட்டர் வி8. எல்எம்7 என்பது அதன் குறியீடு. 1999 முதல் 2007 வரை சில்வராடோ, தாஹோ, சபர்பன் போன்ற வண்டிகளில் பெரும் எண்ணிக்கையில் வந்தது. விபத்தில் நொறுங்கிய சில்வராடோவை உடைக்கும் பழைய இரும்பு யார்டுகளில் அது எளிதாகக் கிடைக்கிறது. பளபளப்பான பொருளல்ல. வார்ப்பிரும்பு பிளாக், எண்ணெய் படிந்த மேனி. ஆனால் உள்ளே பாருங்கள்: கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் ஒவ்வொரு கேப்பிலும் கீழிருந்து நான்கு போல்ட்டும் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டும் இருக்கின்றன. வெளியே யார் கண்ணுக்கும் படாத இடத்தில் அத்தனை உறுதி.

இந்த இன்ஜின் அந்த வண்டிக்கு அந்நியமும் அல்ல. பொறியாளர் எட் கோல் தலைமையில் உருவாகி 1955-இல் வந்த செவர்லேயின் சிறிய வி8 இன்ஜினில், ஒரு சிலிண்டரின் மையத்துக்கும் அடுத்த சிலிண்டரின் மையத்துக்கும் இடைவெளி 4.40 அங்குலம். எல்எம்7 சேர்ந்த எல்எஸ் குடும்பம் 1997 கார்வெட்டில் அறிமுகமானது; அதை வெற்றுத் தாளிலிருந்து புதிதாக வரைந்தார்கள். என்றாலும் அந்த 4.40 அங்குலத்தை மட்டும் யாரும் தொடவில்லை. கியர் பாக்ஸோடு சேரும் பின்முகத்தின் போல்ட் துளைகளும் பெரும்பாலும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. சி-10க்குள் எல்எம்7 இறங்குவது தாத்தா வீட்டுக்குப் பேரன் குடிவருவது போலத்தான். நிலைப்படியின் உயரம் அவனுக்கு முன்பே தெரியும்.

இனி ஒவ்வொரு நுணுக்கமாகப் பார்க்கலாம். முதலில் மவுண்டிங். சில சி-10களில் இருந்த பழைய சிறிய வி8-இன் பக்கவாட்டில் மவுண்டிங்கைப் பிடிக்க மூன்று போல்ட் துளைகள் இருந்தன. புதியதில் நான்கு, அதுவும் வேறு இடத்தில். அவசரக்காரர் சேஸிஸை அறுத்துப் புதிய தாங்கிகளை வெல்டு செய்வார். தேர்ந்த கைக்கு அந்த அவசரம் இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புத் தகடு. அதன் ஒரு முகம் புதிய இன்ஜினின் நான்கு துளைகளோடு பொருந்தும், மறுமுகம் பழைய மூன்று துளைகளுக்கு இடம் தரும். இரண்டு தலைமுறைக்கும் நடுவே அந்தத் தகடு பேசிச் சமாதானம் செய்துவைக்கிறது. இன்ஜின் அமர்ந்த பிறகு அது இருப்பதே தெரியாது. சேஸிஸில் ஒரு கீறல்கூட விழாது.

அடுத்தது ஒரு வளையம். பழைய டர்போ 350 கியர் பாக்ஸையே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் உண்டு. மூன்றே கியர், ஆனால் எளிமையும் நம்பகமும் கூடியது. புதிய இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்நுனி பழையதைவிட 0.400 அங்குலம், அதாவது சுமார் 10 மில்லிமீட்டர், உள்ளே தள்ளி நிற்கிறது. போல்ட் துளைகளெல்லாம் சேர்ந்தும், இன்ஜினின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் கன்வெர்ட்டர் உள்ளே போய்ச் சேர வேண்டிய இடத்தை எட்டாமல் நின்றுவிடும். அந்தப் பத்து மில்லிமீட்டரை நிரப்பக் கச்சிதமாகக் கடைந்த ஓர் எஃகு வளையம் போதும். கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். அது இல்லாமல் வண்டி ஓர் அடிகூட நகராது. கண்ணுக்குத் தெரியாத இடைவெளியைக் கண்டுகொண்ட கண்ணை வியப்பதா, அதை மயிரிழை பிசகாமல் நிரப்பிய கையை வியப்பதா?

கியர் பாக்ஸையும் சேர்த்து மாற்றுகிறவர்களுக்கு 4எல்60இ கிடைக்கிறது. முதல் கியர் விகிதம் 3.06, நான்காவது 0.70. முதல் கியரில் சுமையோடு சுலபமாகக் கிளம்பும். நான்காவதில் அதே வேகத்துக்கு இன்ஜின் முப்பது சதவீதம் குறைவாகச் சுழலும். நெடுஞ்சாலையில் கேபினுக்குள் வந்து அமரும் அந்த நிதானம் சொல்லில் அடங்காது. கியர் பாக்ஸின் நீளம் மாறுவதால் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை நகர்த்தவும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை அளவெடுத்துச் செய்யவும் வேண்டியிருக்கும். அதைவிட என்னை மயக்குவது, ஸ்டியரிங் தண்டிலிருந்து நீளும் பழைய கியர் லீவரையே புதிய கியர் பாக்ஸோடு இணைத்துவிடும் பாங்கு. ஓட்டுகிறவரின் கை பழகிய இடத்திலேயே இருக்கிறது.

இன்ஜினின் அடிவயிற்றையும் குனிந்து பாருங்கள். லாரிகளுக்கென்று வந்த எல்எம்7-இன் ஆயில் சம்ப் ஆழமானது. தரையோடு தாழ்த்திய சி-10இல் அது கீழே தொங்கி, வேகத்தடையில் இடிபடும். அதனால் 1998 முதல் 2002 வரையிலான கமாரோவின் சம்ப்பையோ, இந்த வேலைக்கென்றே வார்த்த சம்ப்பையோ மாட்டுகிறார்கள். அலுமினியத்தில் வார்த்த அந்தச் சம்ப் எண்ணெய் ஏந்துவதோடு நிற்பதில்லை. கியர் பாக்ஸ் கூட்டோடும் போல்ட் பூட்டி, மொத்த அமைப்புக்கும் விறைப்பு கொடுக்கிறது. ஏசி கம்ப்ரசர் லாரி இன்ஜினில் வலப்புறம் தாழ்வாக இருப்பதால் சேஸிஸில் முட்டும். சிலர் சேஸிஸிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துவிடுவார்கள். நயமறிந்தவர் கம்ப்ரசரைத் தாங்கும் பிராக்கெட்டை மாற்றி அதை மேலே உயர்த்துகிறார். இரண்டு வழியிலும் குளிர்காற்று ஒன்றுதான். வண்டியின் எலும்புக்குக் காட்டிய மரியாதை ஒன்றல்ல.

பெட்ரோல் ஓடும் பாதைக்கு வருவோம். இந்தத் தலைமுறை சி-10இல் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பெரும்பாலோர் அதைச் சரக்குத் தொட்டிக்கு அடியில் மாற்றிவிடுவார்கள். பாதுகாப்பும் கூடும், சீட்டுக்குப் பின்னால் இடமும் கிடைக்கும். பழைய கார்புரேட்டருக்கு ஐந்தாறு பவுண்டு அழுத்தம் போதும். புதிய இன்ஜெக்டர்கள் கேட்பது சதுர அங்குலத்துக்கு 58 பவுண்டு. அதற்காக முன்னும் பின்னும் இரட்டைக் குழாய் இழுக்காமல், 1999 கார்வெட்டுக்கு வந்த ஒரு ஃபில்டரை டேங்க்கின் அருகில் வைக்கிறார்கள். வடிகட்டியும் அழுத்தக் கட்டுப்பாடும் அந்தச் சிறு உருளைக்குள் ஒன்றாக இருக்கின்றன. மிஞ்சிய பெட்ரோலை அது அங்கேயே டேங்க்குக்குத் திருப்பிவிடுகிறது. இன்ஜினை நோக்கிப் போவது ஒரே ஒரு குழாய், சேஸிஸின் உட்பக்கத்தை ஒட்டி, அளவான இடைவெளியில் கிளிப் போட்டு. விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் காருக்காகச் செய்த சிறு பொருள், வயதான லாரியில் இப்படிப் பயன்படும் என்று முதலில் கண்டவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

வயரிங்கில்தான் ஒருவரின் குணம் முழுதாகத் தெரியும். பழைய இன்ஜினில் ஒரே காயில், ஒரே டிஸ்ட்ரிபியூட்டர். எல்எம்7-இல் எட்டு சிலிண்டருக்கும் எட்டு தனித்தனிக் காயில்கள், வால்வ் கவரின் மேல் வரிசையாக. சில்வராடோவிலிருந்து வரும் வயர்க்கட்டில் இந்த வண்டிக்குத் தேவையில்லாத எத்தனையோ இழைகள் இருக்கும். பொறுமைசாலி அந்தக் கட்டை மேசையில் பிரித்து, ஒவ்வொரு இழையாகத் தடம் பிடித்து, வேண்டாததைக் களைந்து, வேண்டியதை அளவாக நறுக்கி மறுபடி சுற்றுகிறார். கம்ப்யூட்டர் பெட்டியை டேஷ்போர்டுக்கு அடியில் மறைக்கிறார். சில்வராடோவின் திருட்டுத் தடுப்புப் பூட்டை நிரலிலேயே நீக்குகிறார். முடிவில் பானட்டைத் திறந்தால் கண்ணுக்கு வயரே தெரிவதில்லை. நாள்கணக்கான உழைப்பு, உழைத்த தடயமே இல்லாமல் முடிகிறது.

சிலிண்டர் ஹெட்களின் மேல்முனையிலிருந்து ரேடியேட்டரை நோக்கிப் போகும் மெல்லிய குழாய் ஒன்றையும் தவறவிடாதீர்கள். தண்ணீர்ப் பாதையின் உச்சியில் சிக்கும் காற்றும் ஆவியும் வெளியேறுவதற்கான வழி அது. பழைய ரேடியேட்டரில் அதற்கு வாயில் கிடையாது. அதைப் புறக்கணித்து அடைத்துவிட்டாலும் வண்டி ஓடும், ஹெட்டில் சூடு கட்டும் நாள் வரை. அந்தச் சின்னக் குழாய்க்கு உரிய இடம் தேடிக் கொடுத்தவர், அந்த இன்ஜினை முழுதாகப் புரிந்துகொண்டவர்.

கேபினுக்குள் ஏறி அமருங்கள். எல்லாம் 1960-களின் கேபின்தான். பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளால் சுழல்வது. புதிய கியர் பாக்ஸ் தருவதோ மின்துடிப்பு. இரண்டுக்கும் நடுவே சிறு மோட்டார் வைத்த பெட்டி ஒன்று, துடிப்பைச் சுழற்சியாக்கிப் பழைய கேபிளைத் திருப்புகிறது. முள் தன் பழைய நடுக்கத்தோடு எழுகிறது. ஆக்ஸிலேட்டருக்கும் அப்படியே. எல்எம்7-இல் 2003-க்கு முந்தைய பலவற்றில் கேபிள் த்ராட்டில் இருப்பதால், பழைய பெடலின் தொடுகையை இழக்க மனமில்லாதவர்கள் அதையே தேடிப் போகிறார்கள்.

இனிச் சாவியைத் திருப்பலாம். பழைய சிறிய வி8-இன் தீப்பொறி வரிசை 1-8-4-3-6-5-7-2. எல்எஸ் குடும்பத்தின் வரிசை 1-8-7-2-6-5-4-3. நான்கும் ஏழும் இடம் மாறுகின்றன, மூன்றும் இரண்டும் இடம் மாறுகின்றன, மற்றவை அப்படியே. அந்தச் சிறு இடமாற்றத்தில் கிராங்க் ஷாஃப்ட் இன்னும் சீராகச் சுழல்கிறது. சைலன்சர் வழியே வரும் ஒலியில் பழைய வி8-இன் கனத்த குரல் இருக்கிறது, ஆனால் தழுதழுப்பு இல்லை. குளிர்காலக் காலையிலும் ஒரே திருப்பில் எழுந்து, ஒரே சுருதியில் நிற்கிறது. ஆற்றலை எண்ணிலும் சொல்லிவிடலாம்: பழைய ஆறு சிலிண்டருக்கு 155 குதிரைத்திறன், அதுவும் துணைக்கருவிகளைக் கழற்றிவிட்டு எடுத்த அந்தக் கால அளவு. எல்எம்7-க்கு அவற்றோடு சேர்த்தே, ஆண்டைப் பொறுத்து 270 முதல் 295 வரை. அதனால் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் மாட்டுவதும் இந்த வேலையின் ஒரு பகுதியாகிறது. 1971 முதல் தொழிற்சாலையே அதைக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. ஓடக் கற்றுக்கொடுத்தவரே நிற்கவும் கற்றுக்கொடுப்பதுதான் முறை.

இப்படி இன்ஜின் மாற்றிய பழைய பிக்கப் ஒன்றின் பானட்டைத் திறந்து யாராவது உங்களுக்குப் பெருமையோடு காட்டினால், எத்தனை குதிரைத்திறன் என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிடாதீர்கள். மவுண்டிங் தகட்டைத் தேடிப் பாருங்கள். சேஸிஸின் விளிம்பில் விரல் ஓட்டிப் பாருங்கள். வயர்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தப் பழைய ஆறு சிலிண்டர் இன்ஜினை நாளைக்கே திரும்ப ஏற்ற முடியுமா? "முடியும்" என்று தயங்காமல் பதில் வந்தால், அதுதான் முதல்தரமான வேலை.