பறைக் குழுவில் யார் சேரலாம்?

பழைய மாணவர் சங்கம் நமக்கெல்லாம் தெரியும். அமெரிக்காவில் பழைய மாணவர் பேண்டு மாதிரி ஒன்று இருக்கிறது. அங்கே 'டிரம் அண்ட் பியூகிள் கோர்' என்ற குழுக்கள் உண்டு. பித்தளை ஊதுகருவிகளும் மேளங்களும் மட்டுமே முதன்மை. மைதானத்தில் அணிவகுத்துக்கொண்டே வாசிப்பார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் ஆதரவில் வளர்ந்தவை இவை. 1972இல் விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டரில் டி.சி.ஐ. என்ற அமைப்பு தன் முதல் பெரிய போட்டியை நடத்தியது. அந்தப் போட்டிக் குழுக்களில் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதோடு வெளியேறிவிட வேண்டும். அப்படி வெளியேறியவர்கள் தலை நரைத்தபின் மறுபடி கூடி வாசிப்பதுதான் 'அலும்னி கோர்'.

அந்தக் குழுக்களில் ஒரு தீராத வழக்கு: யாரைச் சேர்ப்பது? இளவயதில் அதே சீருடையைப் போட்டவர்கள் மட்டுமா, வாசிக்கத் தெரிந்த யார் வேண்டுமானாலுமா? முதல் கட்சிக்காரர்கள், 'நாங்கள் வெயிலில் நின்று சம்பாதித்த பெயர் இது' என்கிறார்கள். இரண்டாம் கட்சிக்காரர்கள், 'ஆள் வருஷத்துக்கு வருஷம் குறையுது, வெளியாளைச் சேர்க்காவிட்டால் வாசிக்க யார் மிஞ்சுவார்கள்' என்கிறார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது நம்ம ஊர்ப் பறை. சென்னையில், பெங்களூரில், அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களில், இன்று ஐ.டி. ஆட்கள் வார இறுதியில் பறை கற்றுக்கொள்கிறார்கள். 'இவர்கள் அடிக்கலாமா' என்ற கேள்வியும் கூடவே வருகிறது. கேள்வி ஒன்றுதான், ஆனால் தலைகீழாக நிற்கிறது. அமெரிக்கக் குழுவில் உறுப்பினர் என்பது உழைத்துப் பெற்ற பெருமை. பறையிலோ, பிறப்பால் தலையில் கட்டப்பட்ட வேலை. அங்கே உள்ளே விடச் சொல்லிச் சண்டை. இங்கே நூறு வருஷமாக வெளியே விடச் சொல்லித்தான் சண்டை.

சேத்தூர், ராஜபாளையம் பக்கம் நான் வளர்ந்த காலத்தில் 'பறை' என்ற சொல்லைப் பேச்சில் கேட்டதே குறைவு. கொட்டு, தப்பு, மேளம் என்பார்கள். சாவு விழுந்தால் கொட்டுக்காரருக்கு ஆள் போகும். அவர் வருவாரா என்று யாரும் கேட்டதில்லை, வருவார் என்பதுதான் ஏற்பாடு. 1980களிலும் 90களிலும் தலித் இயக்கங்கள் 'இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்' என்று ஊர் ஊராகச் சொன்னபோது கோபம் கருவியின் மேல் இல்லை, அந்த ஏற்பாட்டின் மேல்தான்.

இந்த இரட்டை மனநிலைக்கு இன்னும் பழைய வேர் உண்டு. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டது போல. அதே காலத்தில் அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரே பூர்வ பௌத்தர்கள்மேல் பகைவர் ஏற்றியது, அதை ஏற்கக்கூடாது என்று வாதிட்டார். 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர். பெயரை மீட்பதா, உதறுவதா? இன்று பறையை வைத்து நடக்கும் விவாதம் இதன் தொடர்ச்சிதான்.

இப்போது இரண்டு கட்சிகளையும் பார்ப்போம்.

முதல் கட்சி: 'எல்லோருக்கும் பொது. பறை ஆதித் தமிழர் இசை.' இதற்குச் சான்றுக்குக் குறைவில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்குமான கருப்பொருள்களில் பறையையும் சேர்க்கிறது. புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் சேர்த்து நான்கு குடிகளாகச் சொல்கிறது, இழிவாக அல்ல. எங்கள் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளே திருப்பாவையில் பறை கேட்கிறாள். ஆனால் அந்தப் பறைக்கு வைணவ உரைகாரர்கள் தரும் பொருளைக் கவனியுங்கள்: அது நோன்புக்கான கருவி மட்டுமல்ல, இறைவனுக்குச் செய்யும் கைங்கரியம். சொல்லுக்குப் பரமபதம் வரை இடம் கிடைத்துவிட்டது. கருவியைக் கையில் வைத்திருந்த மனிதர் கோயில் வாசலுக்கு வருவதற்கு 1939இல் மதுரையில் ஆலயப் பிரவேசம் நடக்க வேண்டியிருந்தது. அதுவும் போராட்டத்தின் பேரில். அதனால்தான் 'தமிழர் இசை' என்ற பொதுப்பெயர் என்னை உறுத்துகிறது. பெருமையைப் பொதுவாக்கிவிட்டு இழிவை மட்டும் ஒரு தெருவிலேயே விட்டுவிடுகிறது.

இந்தக் கட்சிக்கு எதிரான மிகப் பெரிய சான்று சதிர். 1935இல் ருக்மிணி தேவி அடையாறு பிரம்மஞான சபையில் மேடை ஏறினார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அடுத்த ஆண்டு, பின்னாளில் கலாக்ஷேத்திரா என்று அறியப்பட்ட நிறுவனம் தொடங்கியது. 1947இல் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் தேவையானதுதான். ஆனால் 'பரதநாட்டியம் எல்லோருக்கும்' என்று கதவு திறந்தபோது, ஏற்கெனவே உள்ளே இருந்த பெண்கள் பெரும்பாலும் அதே கதவு வழியாக வெளியே போனார்கள். பாலசரஸ்வதி போல மேடையில் நிலைத்தவர்கள் விதிவிலக்கு. யாரையும் சேர்க்கலாம் என்ற கொள்கை மட்டும் இருந்து, ஏற்கெனவே இருப்பவருக்கு என்ன ஆகும் என்ற கேள்வி இல்லையென்றால் இதுதான் நடக்கும்.

இரண்டாம் கட்சி: 'அந்தச் சமூகத்தில் பிறந்தவர் மட்டுமே அடிக்கட்டும்.' சதிரின் கதையைப் பார்த்தால் இந்தக் கோபம் புரிகிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் போட்டாலும் பிறப்பு என்ற பூட்டு பிறப்பு என்ற பூட்டுதான். 'நீ பிறந்ததால் அடிக்கணும்' என்பதும் 'நீ பிறக்காததால் அடிக்கக்கூடாது' என்பதும் ஒரே பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்லப்படுகின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தச் சமூகத்துக்குள்ளேயே பெண்களுக்கு இந்தக் கருவி எட்டாமல்தான் இருந்தது. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா நடத்தும் சக்தி கலைக்குழு தலித் இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. 'வழக்கமாக அடித்தவர்கள் மட்டும்' என்பதே விதியாக இருந்திருந்தால் அந்தப் பெண்களும் வெளியேதான் நின்றிருப்பார்கள். அமெரிக்காவிலும் இதே கதை உண்டு: நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே இருந்த மாடிசன் ஸ்கவுட்ஸ் குழு 2019இல்தான் எல்லோருக்கும் திறப்பதாக அறிவித்தது. பழைய உறுப்பினர்கள் சிலருக்கு வருத்தம். 'எங்கள் குழு இது இல்லை' என்றார்கள். ஆனால் ஒவ்வொரு காலத்திலும் ஏதோ ஒன்று மாறித்தான் அந்தக் குழுக்கள் பிழைத்திருக்கின்றன. 2000இல் ஜி சுருதி பியூகிள் கட்டாயமில்லை என்று விதியையே மாற்றினார்கள். பறையிலும் தோலுக்குப் பதில் ஃபைபர் வந்துவிட்டது, மழையில் நனைந்தாலும் கவலை இல்லை.

ஆக, இரண்டு கட்சிகளும் கேட்கும் கேள்வியே தவறு என்று நினைக்கிறேன். 'யார் சேரலாம்' என்பதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. யார் கற்கலாம்? யார் அதன் பெயரில் நிற்கலாம்? என் தொழிலில் இந்த வேறுபாடு பழகிப்போனது. திறமூல மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம். ஆனால் பெயர் வேறு சமாச்சாரம். ஃபயர்பாக்ஸை மாற்றி வெளியிட்ட டெபியன், மொசில்லாவின் வணிகக்குறி நிபந்தனைகளால் 2006இல் அதை 'ஐஸ்வீசல்' என்று பெயர் மாற்றி வெளியிட்டது. பத்து வருஷம் அந்தப் பெயரிலேயே ஓடியது. எழுதியவர் பெயரை நீக்கக்கூடாது என்பது மிகத் தாராளமான உரிமங்களில்கூட இருக்கும் நிபந்தனை. நிரலுக்குக் கொடுக்கும் இந்த மரியாதையை ஒரு கொட்டுக்காரருக்குக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

கற்பதற்கு நிபந்தனையே வேண்டாம். அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் யார் கையிலும் இருக்கட்டும். ஆனால் குழு என்று பெயர் வைத்து மேடை ஏறினால் நான் நான்கு விஷயம் பார்ப்பேன்.

ஒன்று, ஆசான் யார் என்று மேடையில் சொல்கிறார்களா. மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ வந்தது. மகிழ்ச்சி. ஆனால் பத்மஸ்ரீ வாங்காத நூறு ஆசான்களிடம்தான் பெரும்பாலானோர் கற்கிறார்கள். வெறுமனே 'கிராமியக் கலைஞரிடம் பயிற்சி பெற்றவர்கள்' என்று அறிவிக்கும்போது அந்தப் பெயர் தொலைகிறது.

இரண்டு, காசு. பிள்ளைக்கு வீணை, மிருதங்கம் சொல்லித்தருபவருக்குக் கொடுக்கும் அதே கட்டணம் பறை ஆசானுக்கும் போகிறதா, அல்லது 'அண்ணே, ஒரு ரெண்டு நாள் வந்து சொல்லிக்கொடுங்க' என்று பஸ் காசோடு முடிகிறதா.

மூன்று, அடிகளின் இடம். சாமிச்சாட்டு அடி, சப்பரத்தடி, மாரடிப்பு அடி என்று பெயரிலேயே சந்தர்ப்பம் இருக்கிறது. சட்டையை ஒரே நிறத்தில் போட்டுக்கொண்டு ஐந்து அடியை வேகமாக அடித்துக் கைதட்டு வாங்குவதில் தப்பில்லை. ஆனால் மாரடிப்பு அடி எங்கிருந்து வந்தது, அதை யார் யாருடைய சாவுக்கு எந்த நிபந்தனையில் அடித்தார்கள் என்பதைச் சொல்லாமல் அடித்தால், பாதி இசைதான் வந்திருக்கிறது.

நான்கு, எனக்கு மிக முக்கியமானது: விலகியவரின் உரிமை. பழைய மாணவர் குழுவுக்கு வராத பழைய மாணவரை யாரும் குற்றவாளி ஆக்குவதில்லை. ஆனால் பறையைத் தொடமாட்டேன் என்று படித்து வேலைக்குப் போன பையனிடம், புதிதாகப் பறை கற்ற நகரத்து ஆட்கள் 'உங்க கலையை நீங்களே விட்டுட்டீங்களே' என்று வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு அது சனிக்கிழமைப் பொழுது. அவன் அப்பாவுக்கு மறுக்க முடியாத வேலை. மறுக்க முடிந்தவர் அடிக்கும்போதுதான் அது கலை. அந்த மறுப்புக்கு விலை கொடுத்த தலைமுறையால்தான் இன்று மற்றவர்கள் கூச்சமில்லாமல் பறையைத் தோளில் மாட்ட முடிகிறது.

நானும் அந்தத் தெருவில் பிறந்தவன் இல்லை. ஆகவே இந்த நான்கும் வெளியிலிருந்து வரும் என்னைப் போன்றவர்களுக்காகத்தான் எழுதியது. தலித் கலைஞர்கள் எப்படி அடிக்க வேண்டும், அடிக்க வேண்டுமா என்பதைச் சொல்ல எனக்கு வேலை இல்லை.

இதில் ஒரு எளிய சோதனை இருக்கிறது. உங்கள் ஊரில் பறைக் குழு இருந்தால், அதே ஊரில் இன்றும் சாவுக்கு அடிப்பவர் ஒருவராவது அந்தக் குழுவில் இருக்கிறாரா என்று பாருங்கள். விருந்தாளியாக வந்து பொன்னாடை வாங்கிப் போகிறவராக அல்ல, என்ன அடிப்பது, எங்கே போவது, எவ்வளவு கேட்பது என்று முடிவெடுக்கிறவராக. இருந்தால், நீங்களும் போய்ச் சேருங்கள்.